ஸ்ரீசாந்த் கிரிக்கெட் வாழ்க்கை எங்கே தடம் மாறியது? 87 விக்கெட், 7 ஆண்டு தடை: முழு விளக்கம்

2007 டி20 உலகக் கோப்பை இறுதிப் போட்டி என்றதும் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது அந்த கேட்ச்தான். ஜோகிந்தர் ஷர்மா பந்தை மிஸ்பா உல் ஹக் ஸ்கூப் ஆட, ஷார்ட் ஃபைன் லெக்கில் நின்ற ஸ்ரீசாந்த் அதைப் பிடித்தார். 5 ரன்னில் இந்தியா சாம்பியன். அப்போது அவருக்கு வயது 24.

ஆறு ஆண்டுகள்கூட ஆகவில்லை. 2013 மே மாதம் அதே ஸ்ரீசாந்தை டெல்லி போலீஸ் கைது செய்தது. பிறகு வாழ்நாள் தடை, நீதிமன்ற வழக்குகள், தடை குறைப்பு, 37 வயதில் திரும்பவும் களம், 39 வயதில் ஓய்வு.

"ஸ்பாட் ஃபிக்சிங் இல்லாமல் இருந்திருந்தால் ஸ்ரீசாந்த் எங்கேயோ போயிருப்பார்" என்பது கேரளாவிலும் இங்கேயும் அடிக்கடி கேட்கிற பேச்சு. அது எவ்வளவு உண்மை? நீதிமன்றம் அவரை நிரபராதி என்று சொன்னதா? சொன்னது என்றால் தடை எப்படி நீடித்தது? வரிசையாகப் பார்ப்போம்.

ஒரே பார்வையில்

- பிறப்பு: 6 பிப்ரவரி 1983, கோதமங்கலம், எர்ணாகுளம் மாவட்டம்
- டெஸ்ட்: 27 போட்டிகள், 87 விக்கெட், சராசரி 37.59
- ஒருநாள்: 53 போட்டிகள், 75 விக்கெட்
- டி20 சர்வதேசம்: 10 போட்டிகள், 7 விக்கெட்
- உலகக் கோப்பைகள்: 2007 டி20, 2011 ஒருநாள். இரண்டு இறுதிப் போட்டிகளிலும் ஆடியவர்
- இந்தியாவுக்காகக் கடைசிப் போட்டி: ஆகஸ்ட் 2011, ஓவல் டெஸ்ட்
- ஓய்வு அறிவிப்பு: 9 மார்ச் 2022

கொச்சியில் இருந்து இந்திய அணிக்கு வருவது ஏன் பெரிய விஷயம்?

சென்னையிலோ மும்பையிலோ கிரிக்கெட் ஆடுகிற பையனுக்குக் கிளப், லீக், தேர்வாளர் கண்ணில் படும் வாய்ப்பு எல்லாம் பக்கத்திலேயே இருக்கும். கேரளாவில் கதை வேறு. மட்டாஞ்சேரி, ஃபோர்ட் கொச்சி பக்கம் போனால் இன்றைக்கும் கால்பந்து பேச்சுதான் அதிகம். கலூர் ஜவஹர்லால் நேரு ஸ்டேடியத்தில் 1998-ல் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக சச்சின் 5 விக்கெட் எடுத்தார். அதே மைதானம் இப்போது கேரளா பிளாஸ்டர்ஸ் கால்பந்து அணியின் வீடாகத்தான் அறியப்படுகிறது.

கொச்சிக்கு கிரிக்கெட் பாரம்பரியமே இல்லை என்று சொல்லிவிடவும் முடியாது. நகரை ஒட்டிய திருப்பூணித்துறையில் 1951-லேயே 50 ஓவர் வடிவத்தில் பூஜா கிரிக்கெட் போட்டி தொடங்கிவிட்டது. சர்வதேச ஒருநாள் கிரிக்கெட் பிறந்ததோ 1971-ல்தான். ஆர்வம் இருந்தது, மேலே போக ஏணிதான் இல்லை. கேரள ரஞ்சி அணி பல பத்தாண்டுகளாக மற்ற அணிகளுக்கு எளிதான எதிராளியாகவே இருந்தது. அந்த அணியில் ஆடி இந்திய டெஸ்ட் அணிக்குப் போன முதல் ஆள் வேகப்பந்து வீச்சாளர் டினு யோஹன்னான். அது 2001-ல். அவர் ஆடியது 3 டெஸ்ட். அடுத்து வந்தவர் ஸ்ரீசாந்த்.

லெக் ஸ்பின்னர் எப்படி வேகப்பந்து வீச்சாளர் ஆனார்?

சின்ன வயதில் ஸ்ரீசாந்துக்கு அனில் கும்ப்ளே மாதிரி லெக் ஸ்பின் போடத்தான் ஆசை. ஆனால் அவர் அடிக்கடி யார்க்கர் வீசுவதைப் பார்த்து, வேகப்பந்துக்கு மாறச் சொன்னது அவரது அண்ணன். பிறகு சென்னை எம்.ஆர்.எஃப். பேஸ் ஃபவுண்டேஷனில் பயிற்சி எடுத்தார். நம்ம ஊர் கிரிக்கெட்டுக்கும் அவருக்கும் உள்ள முதல் தொடர்பு அதுதான்.

2004 நவம்பரில் இமாச்சலப் பிரதேசத்துக்கு எதிரான ரஞ்சி போட்டியில் ஹாட்ரிக் எடுத்தார். 2005-ல் சேலஞ்சர் கோப்பையில் தொடர் நாயகன். அதே மாதம் நாக்பூரில் இலங்கைக்கு எதிராக முதல் ஒருநாள் போட்டி. 2006 மார்ச்சில், அதே நாக்பூரில், இங்கிலாந்துக்கு எதிராக முதல் டெஸ்ட். முதல் இன்னிங்ஸிலேயே 4 விக்கெட்.

ஓடி வந்து வீசும்போது பந்தின் தையல் ஆடாமல் அசையாமல் நேராக நிற்கும். அதனால் பந்து காற்றிலும் வளையும், தரையில் பட்டும் நகரும். இந்திய ஆடுகளங்களில் வளர்ந்த ஒருவரிடம் இப்படி ஒரு கையசைவு கிடைப்பது அபூர்வம். அவர் மேல் இவ்வளவு எதிர்பார்ப்பு ஏற்பட்டதற்கு அதுதான் காரணம்.

அவர் உச்சத்தில் எப்படி இருந்தார்?

மூன்று ஆட்டங்களைப் பார்த்தால் போதும்.

முதலாவது, 2006 டிசம்பர், ஜோகன்னஸ்பர்க் டெஸ்ட். 40 ரன்களுக்கு 5 விக்கெட். தென்னாப்பிரிக்கா 84 ரன்னில் ஆல் அவுட். ஆட்டத்தில் மொத்தம் 8 விக்கெட் எடுத்து ஆட்ட நாயகன் ஆனார். தென்னாப்பிரிக்க மண்ணில் இந்தியா ஜெயித்த முதல் டெஸ்ட் இதுதான். ஆந்த்ரே நெல் சீண்டியதற்கு அடுத்த பந்தையே சிக்ஸருக்குத் தூக்கிவிட்டு பேட்டைச் சுழற்றி ஆடிய நடனமும் இந்த ஆட்டத்தில்தான்.

இரண்டாவது, 2007 டி20 உலகக் கோப்பை அரையிறுதி, டர்பன். ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 4 ஓவரில் 12 ரன் மட்டும் கொடுத்து கில்கிறிஸ்ட், ஹேடன் இருவரின் விக்கெட்டையும் எடுத்தார். அந்த இருவரும் அன்றைக்கு உலகத்தின் மிக ஆபத்தான தொடக்க ஜோடி. இறுதிப் போட்டியில் அவர் 44 ரன் கொடுத்தார் என்பதை அந்த கேட்ச் மறக்கடித்துவிட்டது.

மூன்றாவது, 2010 டிசம்பர், டர்பன் டெஸ்ட். ஜாக் காலிஸுக்கு வீசிய பவுன்சர். இரண்டு காலும் தரையை விட்டு எழும்பி, முகத்துக்கு நேரே வந்த பந்தைத் தடுக்க முடியாமல் காலிஸ் கேட்ச் கொடுத்தார். அந்த டெஸ்டையும் இந்தியா 87 ரன் வித்தியாசத்தில் வென்றது.

அப்படியென்றால் ஏன் 27 டெஸ்டோடு நின்றது?

பலரும் கவனிக்காத விஷயம் இங்கேதான் இருக்கிறது. ஸ்ரீசாந்த் இந்தியாவுக்காகக் கடைசியாக ஆடியது 2011 ஆகஸ்ட். கைதானது 2013 மே. நடுவில் 21 மாதங்கள். அதாவது, சூதாட்டப் புகார் வரும் முன்பே அவர் அணிக்கு வெளியேதான் இருந்தார். அதற்குக் காரணங்கள் பல.

*தொடர்ச்சி இல்லை.* நல்ல நாளில் எந்த பேட்ஸ்மேனையும் அவுட்டாக்குவார். மோசமான நாளில் ரன் தண்ணீராய்ப் போகும். 2011 உலகக் கோப்பையின் முதல் ஆட்டத்தில் வங்கதேசத்துக்கு எதிராக 5 ஓவரில் 53 ரன் கொடுத்தார். பிறகு பெஞ்சில்தான் உட்கார்ந்தார். ஆஷிஷ் நெஹ்ரா காயமடைந்ததால் மும்பை இறுதிப் போட்டியில் இடம் கிடைத்தது. 8 ஓவர், 52 ரன், விக்கெட் இல்லை. அதுவே அவரது கடைசி ஒருநாள் போட்டியும் ஆனது. டெஸ்டில் 37.59 என்ற சராசரி, அவரது சிறந்த ஆட்டங்களுக்கும் சாதாரண ஆட்டங்களுக்கும் நடுவே இருந்த தூரத்தைக் காட்டுகிறது.

*கோபம், ஒழுங்கு நடவடிக்கை.* 2007 இங்கிலாந்து தொடரில் மைக்கேல் வானை தோளால் இடித்ததற்காக பாதி ஆட்டச் சம்பளம் அபராதம். அதே டெஸ்டில் கெவின் பீட்டர்சனை நோக்கிப் போன பீமருக்கு மன்னிப்புக் கேட்டார். 2008 ஐபிஎல்லில் ஹர்பஜன் சிங் அவரை அறைந்த சம்பவம் எல்லோருக்கும் தெரியும். அதில் தண்டனை ஹர்பஜனுக்குத்தான், 11 ஆட்டத் தடை. ஆனால் 'சர்ச்சை' என்ற சொல் ஸ்ரீசாந்த் பெயரோடும் ஒட்டிக்கொண்டது. 2009 அக்டோபரில் பிசிசிஐ அவருக்குக் கடைசி எச்சரிக்கையே கொடுத்தது.

*காயம், இடைவெளி.* 2008 ஏப்ரலுக்குப் பிறகு ஒன்றரை ஆண்டுக்கும் மேலாக அவருக்கு டெஸ்ட் இல்லை. 2009 நவம்பரில் கான்பூரில் இலங்கைக்கு எதிராகத் திரும்பி வந்து, 75 ரன்னுக்கு 5 விக்கெட் எடுத்து ஆட்ட நாயகன் ஆனார். இந்தியாவின் 100-வது டெஸ்ட் வெற்றி அது. அந்த வேகம் நீடிக்கவில்லை. 2011 இங்கிலாந்து தொடருக்குப் பிறகு கால் விரல்களில் அறுவை சிகிச்சை.

*போட்டி.* அவர் வெளியே இருந்த அந்த 21 மாதங்களில் உமேஷ் யாதவ், வருண் ஆரோன், புவனேஷ்வர் குமார் உள்ளே வந்துவிட்டார்கள். ஸ்ரீசாந்துக்கு ஓராண்டு கழித்து டெஸ்ட் அறிமுகமான இஷாந்த் ஷர்மா கடைசியில் 105 டெஸ்ட், 311 விக்கெட்டில் போய் நின்றார். இஷாந்தின் ஆரம்பகால எண்களும் பெரிதாக இல்லை. அவருக்குக் கிடைத்தது தொடர்ந்து ஆடும் வாய்ப்பு, அதைத் தாங்கும் உடம்பு.

2013-ல் என்ன நடந்தது?

2013 மே 9, மொகாலி. ராஜஸ்தான் ராயல்ஸ் – கிங்ஸ் லெவன் பஞ்சாப் ஆட்டம். ஒரு குறிப்பிட்ட ஓவரில் 14 ரன்னோ அதற்கு மேலோ கொடுப்பதாக சூதாட்டத் தரகர்களோடு ஒப்பந்தம் செய்துகொண்டார், இடுப்பில் துண்டு செருகிக்கொண்டது அதற்கான சிக்னல் என்பது டெல்லி போலீஸின் குற்றச்சாட்டு. அந்த ஓவரில் போனது 13 ரன். மே 16-ம் தேதி ஸ்ரீசாந்தும் சக வீரர்கள் அஜித் சண்டிலா, அங்கீத் சவான் ஆகியோரும் கைதானார்கள். ஜூன் மாதம் ஸ்ரீசாந்துக்கு ஜாமீன் கிடைத்தது. செப்டம்பர் 13-ம் தேதி பிசிசிஐ வாழ்நாள் தடை விதித்தது.

குற்றச்சாட்டை ஸ்ரீசாந்த் தொடர்ந்து மறுத்து வருகிறார். போலீஸ் காவலில் கொடுத்த வாக்குமூலம் மிரட்டி வாங்கப்பட்டது என்பது அவர் தரப்பு வாதம்.

சென்னை ரசிகர்களுக்கு இன்னொரு நினைவும் இருக்கும். அதே 2013 ஐபிஎல் சூதாட்ட விவகாரத்தின் தொடர்ச்சியாகத்தான், 2015 ஜூலையில் லோதா குழு சென்னை சூப்பர் கிங்ஸையும் ராஜஸ்தான் ராயல்ஸையும் இரண்டு ஆண்டுகள் சஸ்பெண்ட் செய்தது. அணிகள் 2018-ல் திரும்பி வந்தன. வீரர்களுக்கான கணக்கு வேறு மாதிரி போனது.

நீதிமன்றம் விடுவித்த பிறகும் தடை ஏன்?

2015 ஜூலை 25-ம் தேதி டெல்லி பாட்டியாலா ஹவுஸ் நீதிமன்றம் ஸ்ரீசாந்த் உட்பட குற்றம்சாட்டப்பட்டவர்களை விடுவித்தது. இது முழு விசாரணை நடத்தி 'குற்றமற்றவர்' என்று கொடுத்த விடுதலைத் தீர்ப்பு கிடையாது. குற்றச்சாட்டு பதிவு செய்யவே போதுமான ஆதாரம் இல்லை என்று விசாரணைக்கு முன்பே விடுவிப்பது, அதாவது டிஸ்சார்ஜ். இதை எதிர்த்து டெல்லி போலீஸ் உயர் நீதிமன்றம் போனது.

இன்னொரு சிக்கலும் உண்டு. மேட்ச் ஃபிக்சிங்குக்கு என்று இந்தியாவில் அப்போது தனிச் சட்டமே இல்லை. மோசடிப் பிரிவையும், திட்டமிட்ட குற்றங்களுக்கான 'மோக்கா' சட்டத்தையும் வைத்துத்தான் போலீஸ் வழக்குப் போட்டது. திட்டமிட்ட குற்றக் கும்பலோடு தொடர்பு என்று நிரூபிப்பது பெரிய சுமை. பின்னர் 2018-ல் சட்ட ஆணையம் தன் 276-வது அறிக்கையில், மேட்ச் ஃபிக்சிங்கைத் தனிக் குற்றமாக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது.

சரி, பிசிசிஐ ஏன் தடையை நீக்கவில்லை? ஆபீஸ் உதாரணம் ஒன்று எடுத்துக்கொள்வோம். ஒரு ஊழியர் மேல் முறைகேடு புகார். போலீஸ் கேஸும் நடக்கிறது, கம்பெனியின் உள்விசாரணையும் நடக்கிறது. கேஸில் அவர் வெளியே வந்துவிட்டார் என்பதால் கம்பெனி எடுத்த நடவடிக்கை தானாக ரத்தாகிவிடாது. குற்ற வழக்கில் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டும். உள்விசாரணையில் 'நடந்திருக்க வாய்ப்பு அதிகமா' என்பதே அளவுகோல். பிசிசிஐ சொன்னதும் இதைத்தான்.

அதன்பிறகு வழக்கு போன பாதை:

- ஆகஸ்ட் 2017: கேரள உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி தடையை நீக்கினார்.
- அக்டோபர் 2017: அதே நீதிமன்றத்தின் டிவிஷன் பெஞ்ச் தடையைத் திரும்பக் கொண்டுவந்தது.
- 15 மார்ச் 2019: உச்ச நீதிமன்றம் வாழ்நாள் தடையை ரத்து செய்தது. தண்டனையின் அளவை மூன்று மாதத்துக்குள் மறுபரிசீலனை செய்யச் சொன்னது.
- ஆகஸ்ட் 2019: பிசிசிஐ குறைதீர்ப்பாளர், ஓய்வுபெற்ற நீதிபதி டி.கே.ஜெயின் தடையை 7 ஆண்டாகக் குறைத்தார். 2013-ல் இருந்தே கணக்கு என்பதால் 2020 செப்டம்பரில் தடை முடிந்தது.

2019 தீர்ப்பைப் பலர் தவறாகப் புரிந்துகொண்டார்கள். ஸ்ரீசாந்த் தவறே செய்யவில்லை என்று உச்ச நீதிமன்றம் சொல்லவில்லை. குற்ற வழக்கில் விடுவிக்கப்பட்டாலும் ஒழுங்கு நடவடிக்கை எடுக்க பிசிசிஐக்கு அதிகாரம் உண்டு என்பதை ஏற்றுக்கொண்டது. ஆனால் குற்றத்தின் தன்மை, தணிக்கும் காரணங்கள் எதையும் எடைபோடாமல் நேராக வாழ்நாள் தடைக்குப் போனது சரியில்லை என்றது. குற்றம் நிரூபிக்கப்பட்டதா என்பது ஒரு கேள்வி, அதற்கு எவ்வளவு தண்டனை என்பது வேறு கேள்வி. இரண்டாவது கேள்விக்குத்தான் அவருக்கு நியாயம் கிடைத்தது. அதற்கு ஆறு ஆண்டுகள் ஆனது.

தடையைக் குறைத்த உத்தரவிலேயே நீதிபதி ஜெயின் ஒன்றைக் குறிப்பிட்டார்: ஸ்ரீசாந்த் முப்பதுகளின் கடைசியை நெருங்குகிறார், அவரது சிறந்த கிரிக்கெட் ஆண்டுகள் ஏற்கெனவே முடிந்திருக்கலாம்.

மற்றவர்களுக்கு என்ன ஆனது?

பாகிஸ்தானின் முகமது ஆமிர் நல்ல ஒப்பீடு. 2010 லார்ட்ஸ் டெஸ்டில் வேண்டுமென்றே நோ பால் வீசினார். பிரிட்டனில் அதற்குச் சட்டம் இருந்தது. குற்றத்தை ஒப்புக்கொண்டார், சிறைக்குப் போனார், ஐசிசி 5 ஆண்டு தடை விதித்தது. தடை தொடங்கியபோது அவருக்கு வயது 18. முடிந்தபோது 23. திரும்பி வந்து 2017 சாம்பியன்ஸ் கோப்பை இறுதியில் இந்தியாவையே சாய்த்தார். ஸ்ரீசாந்துக்குத் தடை தொடங்கும்போதே வயது 30. வேகப்பந்து வீச்சாளருக்கு இந்த வயது வித்தியாசம்தான் எல்லாமே.

திறமை வீணாக ஊழல் புகார்தான் வேண்டும் என்றும் இல்லை. நம்ம லக்ஷ்மண் சிவராமகிருஷ்ணன் 17 வயதில் டெஸ்ட் ஆடினார். 1984-ல் மும்பையில் இங்கிலாந்துக்கு எதிராக 12 விக்கெட் எடுத்தார். 20 வயதில் கடைசி டெஸ்ட். மொத்தம் 9 டெஸ்ட், 26 விக்கெட். வினோத் காம்ப்ளியின் டெஸ்ட் சராசரி 54.20, ஆனால் ஆடியது 17 டெஸ்ட்தான். இளம் வயதில் வந்த புகழைத் தாங்கிப் பிடிக்க இந்திய கிரிக்கெட்டில் அன்றைக்குப் பெரிய ஏற்பாடு எதுவும் இருக்கவில்லை. மனநல ஆலோசகர், பணிச்சுமை மேலாண்மை எல்லாம் பிறகு வந்தவை.

திரும்பி வந்து என்ன செய்தார்?

தடைக்காலத்தில் 2016 கேரள சட்டமன்றத் தேர்தலில் திருவனந்தபுரம் தொகுதியில் பாஜக சார்பில் நின்று தோற்றார். 2018 இந்தி பிக் பாஸில் இரண்டாம் இடம். தமிழில் 'காத்துவாக்குல ரெண்டு காதல்' படத்தில் நடித்தார்.

2021 ஜனவரியில், 37 வயதில், மும்பை வான்கடேவில் புதுச்சேரிக்கு எதிராக சையது முஷ்டாக் அலி கோப்பையில் கேரளாவுக்காக மீண்டும் பந்து வீசி விக்கெட்டும் எடுத்தார். அடுத்த மாதமே விஜய் ஹசாரே கோப்பையில் உத்தரப் பிரதேசத்துக்கு எதிராக 5 விக்கெட். ஆனால் 2021 ஐபிஎல் ஏலப் பட்டியலில் அவர் பெயர் இறுதிச் சுற்றுக்கே வரவில்லை. 2022-லும் எந்த அணியும் எடுக்கவில்லை. அந்த ஆண்டு ரஞ்சியில் மேகாலயாவுக்கு எதிராக ஆடிவிட்டு, மார்ச் 9-ம் தேதி ஓய்வை அறிவித்தார்.

அப்போது காரணம் எது?

எண்களை வைத்துப் பார்த்தால் பதில் இரண்டு பகுதியாக வருகிறது. 2006-ல் இருந்து 2011 வரையிலான வாழ்க்கை முழுமை பெறாமல் போனதற்குக் காயம், நிலையில்லாத ஆட்டம், ஒழுங்குப் பிரச்சினைகள்தான் காரணம். சூதாட்ட வழக்கை அதற்குக் காரணமாகச் சொல்ல முடியாது. 2013-க்குப் பிறகு நடந்தது வேறு. 30 வயது வீச்சாளர் ஒருவர் உடம்பைத் தேற்றிக்கொண்டு திரும்பி வந்திருப்பாரா, மாட்டாரா என்ற கேள்விக்குப் பதில் தெரியும் வாய்ப்பையே தடை எடுத்துக்கொண்டது. 7 ஆண்டுதான் சரியான தண்டனை என்று முடிவானபோது, அதில் கிட்டத்தட்ட 6 ஆண்டு ஏற்கெனவே கழிந்திருந்தது.

கேரள கிரிக்கெட் இதற்கிடையே எங்கேயோ போய்விட்டது. 2024-25 சீசனில் கேரளா முதல்முறையாக ரஞ்சி இறுதிப் போட்டிக்குத் தகுதி பெற்றது. கேரளாவில் வளர்ந்து பிறகு தமிழ்நாட்டுக்கு ஆடிய சந்தீப் வாரியர், 2021-ல் இந்தியாவுக்காக ஒரு டி20 ஆடினார். பெரும்பாவூரில் இருந்து வந்த பாசில் தம்பி 2017 ஐபிஎல்லில் வளரும் வீரர் விருது வாங்கினார். எர்ணாகுளம் பக்கத்துப் பையன் ஒருவன் வேகப்பந்து வீசி இந்திய அணி வரை போக முடியும் என்பது இவர்களுக்கு முன்பே தெரிந்திருந்தது. அந்த வழியைப் போட்டுக் காட்டியதில் ஸ்ரீசாந்துக்குப் பெரிய பங்கு உண்டு.